உன் அம்மா மண்டிக்குப் போன கதை

அன்பு மகளுக்கு, உன் அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் அம்மாவின் வலது முழங்கால், என் இடது காது, இந்த இரண்டையும் தவிர எங்கள் உடம்பில் மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் அங்கே சளி இருமல் இல்லாமல், வேலையில் தொந்தரவு இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிற மனுஷனுக்குத் திடீரென்று கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா என் தோளை ஒட்டி நின்றுகொண்டு நான் சொல்வதை எல்லாம் திருத்துகிறாள், பாதியில் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அவளைப் பற்றி அவள் காதுபட நாலு நல்ல வார்த்தை சொல்ல இந்த முப்பத்திரண்டு வருடத்தில் எனக்கு வாய் வந்ததில்லை. அதோடு நான் செய்த ஒரு காரியத்தையும் உனக்குச் சொல்லியாக வேண்டும், அதை வாயால் சொல்வதைவிடக் கையால் எழுதுவது சுலபம் போலத் தோன்றுகிறது. இன்று கடைக்கு லீவு. அவள் பின்பக்கத்துக் குடியிருப்பின் மூன்றாம் மாடி அக்காவோடு வெளியே போயிருக்கிறாள். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் முடித்துவிடுகிறேன்.

நீ போன தடவை வந்திருந்தபோதே எண்ணெய் விலை ஏறத் தொடங்கிவிட்டது, உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது எண்ணெய் மட்டும்தான். நீ கிளம்பிப் போன பிறகு பருப்பு ஏறியது, வெங்காயம் ஏறியது, சிலிண்டர் ஏறியது, பார்சல் கட்டுகிற டப்பாகூட ஏறியது. ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும், அப்படி இப்படி என்று சமாளித்துவிடலாம் என்பதுதான் இத்தனை வருடம் நான் கற்ற வியாபாரம். இந்தத் தடவை எல்லாம் சேர்ந்து ஏறி, இறங்குகிற வழியை மறந்துவிட்டன. காலையில் மண்டித் தெருவுக்குப் போய்விட்டு வரும்போது சைக்கிளின் பின்னால் பாரம் குறைந்திருக்கும், மனசில் கூடியிருக்கும். இதை உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. கடை ஆரம்பித்த நாளிலேயே அவள் என்னிடம், "விலையை நீங்க பாருங்க, ருசியை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வேலையைப் பிரித்துக்கொண்டாள். அவள் பங்கை அவள் ஒரு நாளும் விட்டதில்லை. என் பங்கு கையை மீறிப் போகிறது என்று அவளிடம் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். வெட்கப்பட்ட மனுஷன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். முதலில் இரண்டாம் தர எண்ணெய் வாங்கினேன். அடுப்பில் சட்டியை வைத்ததும் நுரை வந்தது, "என்னங்க இது, சோப்பு மாதிரி பொங்குது?" என்று கேட்டாள். கடைக்காரர் கம்பெனியை மாற்றிவிட்டார் என்று சொன்னேன். நம்பிவிட்டாள். அடுத்து பருப்பு ஊற்றுகிற கிண்ணங்களை மாற்றினேன். பழையதெல்லாம் நெளிந்துவிட்டது என்று சொல்லிப் பரணில் ஏற்றிவிட்டு, புதிது நாலு டஜன் வாங்கி வந்தேன். வாய் அதே அகலம்தான், அடி மட்டும் மேலே ஏறி இருக்கும். பார்த்தால் தெரியாது. தெரியாதபடி இருப்பதற்காகவே நாலு கடை ஏறி இறங்கித் தேடி வாங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், பாதி உண்மை சொல்லி என்ன பிரயோஜனம்.

நம் கடைக்கு யார் வருவார்கள் என்று உனக்குத் தெரியும். எதிரே ஆஸ்பத்திரி வாசல். நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள்தான் நம் எட்டு மேசையிலும் பாதிப் பேர். அதில் ஒருவர், வர்ணம் பூசுகிறவர், கை நகத்திலெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் இருக்கும். மனைவியை இரண்டாம் மாடி வார்டில் சேர்த்துவிட்டுப் பதினேழு நாளாக மதியம் ஒரு பார்சல் சாப்பாடு வாங்கிக்கொண்டு போவார். அதிகம் பேசமாட்டார். கிண்ணம் மாற்றி ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, அவர் பார்சலை வாங்கிக்கொண்டு போகாமல் சமையலறை ஜன்னல் பக்கம் போய் நின்றார். பார்சலுக்கும் அந்தக் கிண்ணத்தால்தானே அளந்து ஊற்றுகிறோம். நான் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அம்மா, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?" என்று கேட்டார். உன் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு சாப்பாட்டை நாங்க ரெண்டு பேரும் பிரிச்சுச் சாப்பிடுவோம். போதும் போதும்னு இருக்கும். இப்ப நாலஞ்சு நாளா பத்தமாட்டேங்குது. நான் ஒண்ணு வாங்கி ரெண்டு பேரு சாப்பிடறது உங்களுக்குப் பிடிக்கலையோன்னு..." என்று இழுத்தார். என் மேல் பழி போட அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை அம்மாடி. தன் மேலேயே போட்டுக்கொண்டார். எனக்குக் கல்லா நாற்காலி சுட்டது.

உன் அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு ஸ்டூல் மேல் ஏறிப் பரணிலிருந்து பழைய கிண்ணம் ஒன்றை எடுத்தாள். அதில் தண்ணீரை நிரப்பிப் புதுக் கிண்ணத்தில் ஊற்றினாள். புதுக் கிண்ணம் நிறைந்து வழிந்தது, பழையதில் இன்னும் கால்வாசி மிச்சம் நின்றது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவருக்கு இரண்டு பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கூட்டம் கலையும் வரை வேலையைப் பார்த்தாள். பிறகு வந்து என் எதிரே உட்கார்ந்து, "விலை ஏறினது உங்க தப்பில்ல. எங்கிட்ட மறைச்சதுகூடப் போகட்டும், நான் உங்க பொண்டாட்டி, பொறுத்துப்பேன். ஆனா அந்த மனுஷன் என்ன பண்ணினார்?" என்று கேட்டாள். நான் எண்ணெயையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். "நாளைக்கு அவருக்குச் சாப்பாட்டை நீங்களே கொண்டு போய்க் கொடுங்க. கொடுத்துட்டு, என்ன நடந்ததுன்னு சொல்லிட்டு வாங்க" என்றாள். வேறு தண்டனை ஏதாவது கொடு என்று கேட்கலாமா என்றிருந்தது.

மறுநாள் போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கிண்ணக் கதையை அடியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா ஐயா? நல்லவேளை. நான் வேற கடை பாக்கணுமோன்னு பயந்துட்டேன். அவளுக்கு வேற எதுவும் இறங்கமாட்டேங்குது" என்றார். உள்ளே அழைத்துப் போய் மனைவியிடம் காட்டினார். அந்த அம்மா எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தாள். உன் அம்மாவை அவள் பார்த்ததே இல்லை. என்னிடம், "பத்து நாளா பருப்புல பூண்டு கூடுதலா விழுதே, அந்தம்மாவுக்கு ஏதாவது கவலையா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அம்மா மனசு சரியில்லாதபோது பூண்டை அள்ளிப் போடுவாள் என்பது வீட்டில் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். அப்படியென்றால் எண்ணெய் நுரைத்த நாளிலிருந்தே அவளுக்கு ஏதோ தட்டியிருக்கிறது, என்னிடம் கேட்காமல் பருப்பிடம் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்து இதைச் சொன்னேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும், "நாளைக்கு மண்டிக்கு நானும் வரேன்" என்றாள்.

இருபது வருடத்துக்கு மேல் அவள் அந்தத் தெருவுக்கு வந்ததில்லை. விடியற்காலை மூட்டை இறக்குகிற சத்தத்துக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏறினாள். பருப்பு மண்டிக்காரர் எப்படிப் பேசுவார் என்று நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், காதில் பென்சில், கண் எப்போதும் தராசின் மேல். உன் அம்மா மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடிப் பருப்பை எடுத்துப் பார்ப்பதைக் கண்டு, "அம்மா, இது மொத்த வியாபாரம், வீட்டுச் சமையல்கட்டு இல்ல" என்றார். நான் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று பார்த்தேன். அவள், "நீங்க விக்கறது எல்லாம் கடைசியில சமையல்கட்டுக்குத்தானே வருது? நான் அங்கிருந்துதான் பேசறேன்" என்று சொல்லி ஒரு பருப்பைப் பல்லில் வைத்துக் கடித்தாள். "இது போன வருஷத்துச் சரக்கு. இது வேகறதுக்குள்ள என் சிலிண்டர் காலியாயிடும்." பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மண்டிக்காரருக்குச் சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. "நல்ல சரக்கு இருக்கு. இருபது மூட்டை எடுத்தா ஒரு விலை, ஒண்ணு எடுத்தா ஒரு விலை. நீங்க எடுக்கறது ஒண்ணு" என்றார். உன் அம்மா மூன்று மூட்டையிலிருந்தும் ஒவ்வொரு பிடி பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று மதியம் மூன்று பருப்பையும் ஒரே அளவு தண்ணீரில் தனித்தனியாக வேகவைத்தாள், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து அடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டாள். விலை குறைந்த பருப்பு, உசந்த பருப்பைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. மலிவு என்று நான் சந்தோஷமாக வாங்கி வந்ததையெல்லாம் சிலிண்டரில் எரித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் அதைக் குத்திக்காட்டவில்லை. பேக்கரிக்காரரையும், டீக்கடைக்காரரையும், பின்பக்கத்துக் குடியிருப்புப் பெண்களையும் சாயங்காலம் கடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். மீசைக்காரரையும் கூப்பிட்டாள். தெருக்கோடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாரே, நம் கடைப் பலகை அவர் கடையை மறைக்கிறது என்று சண்டை போட்டு ஆறு வருடமாக என்னோடு பேசாமல் இருந்தாரே, அவரேதான். வரமாட்டார் என்று நான் பந்தயம் கட்டினேன். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அவர் கடையிலும் நிலைமை அப்படி.

உன் அம்மா மூன்று கிண்ணப் பருப்பையும் நடுமேசையில் வைத்து எல்லோரையும் ருசி பார்க்கச் சொன்னாள். எது எவ்வளவு நேரம் வெந்தது என்று சொன்னாள். "நாம தனித்தனியா ஒரு மூட்டை ரெண்டு மூட்டைன்னு வாங்கி அவர் சொன்ன விலையைக் கொடுக்கறோம். சேந்து போனா நாம சொல்றதையும் கொஞ்சம் கேப்பார்" என்றாள். மீசைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரக்கு ஒண்ணா வாங்கினா நாளைக்கு உங்க ருசியும் என் ருசியும் ஒண்ணாயிடாதா?" என்று கேட்டார். "அண்ணே, இத்தனை வருஷமா ரெண்டு கடைக்கும் ஒரே குழாய்த் தண்ணிதான் வருது. ருசி ஒண்ணாயிடுச்சா?" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும்தான். அதற்குப் பிறகு பேசியவள் மூன்றாம் மாடி அக்கா. கணவர், மூன்று பிள்ளைகள், மாமனார் மாமியார் என்று ஏழு பேருக்குச் சமைக்கிறவள், வாயே திறக்காதவள். "உங்க கடைங்கள்ல விலையை ஏத்தலாம், கிண்ணத்தைச் சின்னதாக்கலாம். எங்க வீட்டுல எதை ஏத்தறது? யாரோட கிண்ணமும் சின்னதாகல. என் தட்டுதான் சின்னதாச்சு. முட்டை எனக்குப் பிடிக்காதுன்னு சொல்லி ரெண்டு மாசமாச்சு, அதை எல்லாரும் நம்பிட்டாங்க" என்றாள். அந்த நிமிடத்தில் உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

இதை நான் விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ போன வாரம் பேசும்போது, இங்கேயும் காய் விலை தாறுமாறாக இருக்கிறது, ராத்திரிக்கு ரொட்டி மட்டும் போதும் என்று ஏதோ விளையாட்டாகச் சொன்னாய். போனை வைத்த பிறகு உன் அம்மா, "அவ தட்டும் சின்னதாயிடுச்சுங்க" என்றாள். உன்னோடு தங்கியிருக்கிற பெண்கள் இரண்டு பேரும் தனித்தனியாகச் சமைக்கிறார்கள் என்று சொன்னாயே, ஒரே வீட்டில் மூன்று தரம் அடுப்பு எரிவானேன்? மூன்று பேரும் சேர்ந்து வாங்குங்கள், முறை வைத்துச் சமையுங்கள். பருப்பு, பயறு எதுவானாலும் காலையில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போ, பாதி நேரத்தில் வெந்துவிடும். காய் விலை அதிகமென்றால் அந்தந்த மாதம் எது அதிகம் விளைகிறதோ அதை மட்டும் வாங்கு, ஆசைக்குக் கண்டதை வாங்காதே. எதைக் குறைத்தாலும் வேளையைக் குறைக்காதே. இது நான் சொல்வதில்லை, அவள் சொல்லச் சொன்னது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே ஆறு கடையும் பதினாலு வீடும் சேர்ந்து வேன் பிடித்துக்கொண்டு மண்டிக்குப் போனோம். உன் அம்மா நடுவில், பக்கத்தில் மீசைக்காரர், நான் பின்னால் சாக்குகளோடு. மண்டிக்காரர் முதலில் இருபது மூட்டை விலைக்கு ஒப்புக்கொள்ளவில்லை, ஆளாளுக்குப் பிரித்துப் போட்டால் எடைக்கூலி யார் தருவது என்றார். "பிரிக்கறது எங்க வேலை. நீங்க மூட்டையை இறக்கினா போதும். அடி மூட்டையும் மேல் மூட்டையும் ஒரே சரக்கா இருக்கணும், அது ஒண்ணுதான் நான் கேக்கறது" என்றாள் உன் அம்மா. அரைமணி நேரம் ஆயிற்று. கொடுத்தார். இப்போது சனிக்கிழமைதோறும் நம் கடையில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பருப்பையும் வெங்காயத்தையும் பிரித்துக் கொடுக்கிறோம், குடியிருப்புப் பெண்கள் டப்பாவும் பையுமாக வருகிறார்கள், கல்யாண வீடு தோற்றுவிடும்.

கடையிலும் அவள் கை வைத்தாள். பதினொரு பண்டம் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஐந்துதான். பொரிக்கிற அயிட்டம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், நல்ல எண்ணெயில். புதுக் கிண்ணங்களை எல்லாம் கட்டிப் போட்டாள், பழையது இறங்கிவிட்டது. விலையைக் கொஞ்சம் ஏற்றினாள், ஏற்றியதை அவளே பலகையில் எழுதினாள், "எண்ணெய், பருப்பு, கேஸ் எல்லாம் ஏறிவிட்டதால் சாப்பாட்டின் விலையை ஏற்றியிருக்கிறோம். அளவைக் குறைக்கவில்லை. வயிறு நிறையவில்லை என்றால் மறுபடி கேளுங்கள்." இதைப் பார்த்தால் ஒருத்தரும் உள்ளே வரமாட்டார்கள் என்று நான் சொன்னேன். முதல் மூன்று நாள் நான் சொன்னதுதான் நடந்தது, எட்டு மேசையில் ஐந்து காலி. நான் ஈ ஓட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். நாலாம் நாள் ஆஸ்பத்திரி நர்சுகள் ஆறு பேர் வந்தார்கள், பலகையைப் படித்துவிட்டு ஒருத்தி, "சொல்லிட்டு ஏத்தினது இந்தக் கடை ஒண்ணுதான்" என்றாள். அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. வருமானம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு சின்னக் கிண்ணம். டீக்கடைக்காரர் தாக்குப்பிடிக்க முடியாமல் போன மாதம் கடையை மூடிவிட்டார், இப்போது நம் வாசலிலேயே ஒரு ஓரத்தில் டீ போடுகிறார், உன் அம்மாதான் இடம் கொடுத்தாள். இந்த வருடம் நாங்கள் உன்னைப் பார்க்க வருவதாகச் சொன்னோமே, அது அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகிறது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வராமல் முழங்காலைச் சாக்கு சொல்லிக்கொண்டிருக்கிறாள், நீயும் முழங்கால்தான் என்று நம்புகிற மாதிரியே இரு. நீ பணம் ஏதும் அனுப்ப வேண்டாம். கடை நிற்கிறது, கண்ணு. நேராக நிற்கிறது.

வர்ணம் பூசுகிறவரின் மனைவி தேறிவிட்டாள். வீட்டுக்குக் கிளம்புகிற அன்று இரண்டு பேரும் பையோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள், முதல் தடவையாக ஆளுக்கு ஒரு சாப்பாடு. உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதானா?" என்று மட்டும் கேட்டாள். உன் அம்மாவும் "நான்தான்" என்றாள். சாப்பிட்டு முடிக்கும் வரை உன் அம்மா பக்கத்திலேயே நின்றாள், அடுப்பை மறந்துவிட்டு. அவள் அடுப்பை மறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நேற்று அவள் காலுக்கு ஓய்வு வேண்டுமென்று நான் தனியாக மண்டிக்குப் போனேன். மண்டிக்காரர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அம்மா வரலையா? விலையை அவங்ககிட்டயே பேசிக்கறேன், நீங்க உக்காருங்க" என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இருபத்தைந்து வருடமாக அந்தத் தெருவுக்குப் போகிறேன், யாரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததில்லை. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் இன்னொருவரிடம், இவர் யார் என்று கேட்டதற்கு, "தெரியாதா? நம்ம கடைக்கார அம்மாவோட வீட்டுக்காரர்" என்று சொன்னது என் நல்ல காதில் விழுந்தது. டீயை மெதுவாகக் குடித்தேன்.

படிக்கட்டில் சத்தம் கேட்கிறது, அவளாகத்தான் இருக்கும். நீ உடம்பும் மனசும் தெம்பாக, கை வைத்த வேலை எல்லாம் துலங்கி, நல்லவர்கள் நடுவே நீண்ட நாள் வாழ வேண்டும் என்று உன் அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதம் வந்ததைச் சொல்லாமல், அடுத்த தடவை பேசும்போது மண்டியில் என்ன நடந்தது என்று அவளிடமே கேள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்பாள். விடாமல் இன்னொரு தடவை கேள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், அவளைப்போல் போனைப் பிடுங்கமாட்டேன்.

இப்படிக்கு,
கடைக்கார அம்மாவின் வீட்டுக்காரர்,
உன் அப்பா